கல்லூரி வளர்த்த கராத்தே

கராத்தே என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன, ஓடுகளை உடைக்கும் கையும், திரைப்படச் சண்டைக் காட்சியும், மாலை வேளையில் பள்ளித் திடலில் வெள்ளுடை அணிந்து வரிசையாய் நிற்கும் சிறுவர் கூட்டமுமே ஆகும். ஆனால் அக்கலை இன்றுள்ள வடிவத்தைப் பெற்ற இடம் போர்க்களமும் அன்று; துறவியர் மடமும் அன்று. பல்கலைக்கழக மாணவர் மன்றமே அவ்விடம் என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. ஜப்பான் நாட்டுத் தலைநகராகிய தோக்கியோவில் 1924ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ முப்பதாண்டுக் காலத்தில், கல்லூரி மாணவர்களே இக்கலையின் பெயர் மாற்றத்திற்குத் துணை நின்றனர், பயிற்சி முறைக்கு ஒழுங்கு சமைத்தனர், போட்டியையும் புகுத்தினர். அவ்வாறு செய்யுங்கால் தமக்குக் கற்பித்த ஆசிரியரோடு முரண்படவும் நேர்ந்தது. ஆசிரியர் தந்ததை மாணவர் எந்த அளவிற்கு மாற்றலாம், மாற்றத் தலைப்படும்போது ஆசிரியர் செய்யத் தக்கது யாது என்னும் வினா, இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் நமக்கும் அயலானது அன்று. ஆகலின் அம்மன்றங்களின் வரலாற்றையும், அங்கு நிகழும் பயிற்சியின் இயல்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

தீவில் இருந்த கலை

ஜப்பானின் தென்கோடிக்கும் தைவானுக்கும் இடையே மாலைபோல் கிடக்கும் தீவுகளுள் பெரியது ஒகினாவா. ரியூக்கியூ என்னும் தனியரசாக விளங்கிச் சீனத்தோடு நெடுங்காலம் வாணிகமும் தூதுறவும் கொண்டிருந்த இத்தீவுகளை, ஜப்பான் 1879ஆம் ஆண்டு தன்னோடு இணைத்துக் கொண்டது. தீவு மக்களிடம் வழங்கிய 'தே' என்னும் கைப்போர் முறையும், சீனத்தின் ஃபூஜியன் கரையிலிருந்து வந்த முறைகளும் கலந்து உருவானதே கராத்தேயின் முன்வடிவம். தே என்றால் கை என்பதே பொருள். இதனைக் கற்பித்தோர் பலரறியக் கற்பிக்கவில்லை. இரவில், வீட்டு முற்றத்தில், ஓரிருவர்க்கு மட்டும் கற்பித்தனர். பாடத்திட்டம் இல்லை, தேர்வும் இல்லை, எழுதிவைத்த நூல் என்று சொல்லத்தக்கதும் அரிது.

1868இல் ஷுரி நகரில் பிறந்த ஃபுனகோஷி கிச்சின் என்பவர் இம்முறையிலேயே பயின்றவர். இளமையில் நலிந்த உடல் உடையவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, இரவில் கையில் விளக்குடன் அசாதோ அன்கோ என்னும் பெரியவரின் வீட்டிற்கு நடந்து செல்வார். அங்கு ஒரே அசைவுத் தொடரை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். அது பழுதறக் கைவந்தாலன்றி அடுத்தது கிட்டாது. மூன்று தொடர்களைக் கற்கவே பத்தாண்டுகள் ஆயின என அவரே பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். இக்காலத்தில் ஒரு பருவத்திற்கு ஐந்து தாள் எழுதும் நம் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அவருடைய மற்றோர் ஆசிரியராகிய இதோசு அன்கோ, மறைவில் இருந்த கலையை 1901இல் ஷுரியின் தொடக்கப் பள்ளிக்குள்ளும், பின்னர் 1905இல் நடுநிலைப் பள்ளிக்குள்ளும் கொண்டு வந்தார். சிறுவர்க்கு ஏற்றவாறு ஐந்து குறுந்தொடர்களை அமைத்தார். 1908இல் கல்வித் துறைக்குப் பத்துக் கூறுகள் கொண்ட ஒரு மடலும் எழுதினார். உடல்நலம் பெறலாம் என்பதோடு, படைக்கு ஏற்ற இளைஞர் உருவாவர் என்பதும் அம்மடல் காட்டும் காரணங்களுள் ஒன்று. அக்கால ஜப்பானில் ஒரு கலைக்குப் பள்ளியின் கதவு திறக்க இத்தகைய காரணமும் வேண்டியிருந்தது போலும். எவ்வாறாயினும், ஓரிருவர்க்குரிய கலை ஒரு வகுப்பிற்கு உரியதாயிற்று. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்பதும், எண்ணிக்கைக்கு ஏற்ப அனைவரும் ஒருசேர அசைவதும் பள்ளிக்கூடம் தந்தவையே.

தலைநகரில் ஓர் ஏழை ஆசிரியர்

1922ஆம் ஆண்டு கல்வி அமைச்சின் ஆதரவில் தோக்கியோவில் உடற்பயிற்சிக் கண்காட்சி ஒன்று நிகழ்ந்தது. அதில் தம் தீவின் கலையை எடுத்துக்காட்ட வந்த ஃபுனகோஷிக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்றுக்கு மேல். ஜூடோ என்னும் மற்போர் முறையை நிறுவிய கானோ ஜிகோரோ அவரைத் தம் பயிற்சிக்கூடத்திற்கு அழைத்துச் சிறப்புச் செய்தார். ஊர் திரும்ப எண்ணியவர் தலைநகரிலேயே தங்கினார். ஆனால் தங்குவதற்குப் பொருள் இல்லை. ஒகினாவா மாணவர் தங்கும் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. அதற்கு ஈடாக விடுதியைக் காத்தலும், பெருக்குதலும், தோட்டம் பேணுதலும் அவர் பணியாயின. ஒருமுறை தம் பழைய தொப்பியையும் ஊரில் நெய்த உடையையும் அடகு வைக்கச் சென்றார். எதிர்பார்த்ததினும் மிகுதியான பணத்தை அடகுக்கடைப் பணியாளர் தந்தார். அப்பணியாளரின் தம்பி இவரிடம் கராத்தே கற்பவர் என்பது பின்னரே தெரிந்தது. ஆசிரியத் தொழிலுக்குச் சில வேளைகளில் இவ்வாறும் ஊதியம் வருவதுண்டு.

கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் மொழிப் பேராசிரியர் கசுயா என்பவர் மாணவர் சிலருடன் அவரைத் தேடி வந்தார். அதன் பயனாக 1924இல் கெய்யோவில் கராத்தே மன்றம் தோன்றியது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுள் முதலில் அமைந்த கராத்தே மன்றம் இதுவே. தோக்கியோ அரசப் பல்கலைக்கழகம், வசேடா, தகுஷொகு, ஹோசெய் முதலியவற்றிலும் அடுத்தடுத்து மன்றங்கள் எழுந்தன. மொழிப் பேராசிரியர் ஒருவரே இதற்கு வாயிலாக நின்றார் என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு.

பல்கலைக்கழகத்திற்குள் புகுந்த கலை, பல்கலைக்கழகத்தின் இயல்பைப் பெறத் தொடங்கிற்று. பட்டம் வேண்டியிருந்தது, ஜூடோவில் கானோ 1883இல் அமைத்த 'டான்' என்னும் படிநிலையைத் தழுவி, 1924 ஏப்ரலில் ஃபுனகோஷி தம் மாணவர் சிலருக்கு முதன்முதலாகக் கறுப்புக் கச்சை வழங்கினார். சீருடை வேண்டியிருந்தது, அதுவும் ஜூடோ உடையின் வழி வந்ததே. பாடநூல் வேண்டியிருந்தது, 1922இல் ஒன்றும், 1935இல் பதினைந்து அசைவுத் தொடர்களை விளக்கும் விரிந்த நூலொன்றும் எழுதினார்.

பெயர் மாற்றமோ இன்னும் சுவையானது. 'கரா' என்னும் ஒலிக்கு ஜப்பானிய மொழியில் இருவேறு எழுத்துகள் உண்டு. ஒன்று சீனத்தைக் குறிப்பது. மற்றொன்று வெறுமையைக் குறிப்பது. அதுவரை சீனக்கை என்று பொருள்பட எழுதப்பட்டது, கெய்யோ மன்றத்தாரின் ஆய்வையொட்டி 1929 முதல் வெறுங்கை என்று பொருள்பட எழுதப்படலாயிற்று. ஒலி மாறவில்லை, எழுத்து மாறிற்று, எழுத்தொடு பொருளும் மாறிற்று. சிலேடை பயின்ற நமக்கு இது எளிதில் விளங்கும். படைக்கலம் இல்லாத கை என்பது ஒரு பொருள். தன்முனைப்பு ஒழிந்த உள்ளம் என்பது புத்த சமயத்தின் வழி அவர் கண்ட மற்றொரு பொருள். ஒகினாவாவின் மூத்தோர் இதனை முதலில் ஏற்கவில்லை. 1936 அக்டோபரில் நாஹா நகரில் கூடிப் பேசியே இசைந்தனர். அக்காலத்தில் ஜப்பான் சீனத்தின்மீது படையெடுத்து வந்தமையால், சீனத்தின் பெயரைத் தாங்கிய கலை தலைநகரில் தழைப்பது அரிது என்பதும் இதனுள் அடங்கிய உண்மையாகும்.

இவ்விடத்து நம் நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு செய்தியைத் தொட்டுச் செல்லுதல் வேண்டும். காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமரே கராத்தேக்கு மூலவர் என்பது அச்செய்தி. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்திற்குப் பின் இது மேலும் பரவிற்று. போதிதருமரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் எனக் கூறும் பழஞ்சீனக் குறிப்பு உண்மையாகவே உண்டு. ஆனால் கி.பி. 547ஐ ஒட்டி எழுதப்பட்ட மற்றொரு குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. அவர் ஷாவோலின் மடத்தில் போர்க்கலை கற்பித்தார் என்பதற்குக் காட்டப்படும் உடற்பயிற்சி நூலோ, 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது என ஆய்வாளர் மெய்ப்பித்துள்ளனர். தமிழுக்குப் பெருமை சேர்க்க மெய்யான சான்றுகள் மிகப் பல இருக்க, உறுதியில்லாததை நாம் பற்றிக் கொள்ள வேண்டியதில்லை.

பயிற்சிக்கூடத்தில் நிகழ்வது

பல்கலைக்கழக மன்றமொன்றின் பயிற்சிக்கூடம் மரத்தளம் இட்ட ஒரு வெறுங்கூடமே ஆகும். வாயிலில் காலணியைக் களைதல் வேண்டும். பயிற்சிக்கு முன் முதலாண்டு மாணவர்கள் ஈரத்துணியை இரு கைகளாலும் தரையில் அழுத்தி, குனிந்தவாறே ஓடித் தளம் முழுவதையும் துடைப்பர். பின்னர்த் தகுதி வரிசைப்படி அமர்ந்து, முன்சுவரை நோக்கியும் ஆசிரியரை நோக்கியும் ஒருவரையொருவர் நோக்கியும் தலைதாழ்த்துவர்.

இத்தலைதாழ்த்தலைக் குறித்து நம் பெற்றோர் சிலர் ஐயம் கொள்வதுண்டு. ஜப்பானில் இது மாந்தர் இருவர் சந்திக்கும்போது கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் நிகழும் மரியாதையே. எனினும் பழைய கூடங்கள் சிலவற்றின் முன்சுவரில் ஷிந்தோ சமய மாடம் இருப்பதும், மண்டியிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றும் வணக்கமுறை ஒன்று இருப்பதும் உண்மை. பன்னாட்டுப் போட்டிகளில் நின்றவாறு சிறிதே தலை சாய்ப்பதே நடைமுறையில் உள்ளது. எகிப்து, ஈரான் முதலிய முஸ்லிம் நாடுகளில் இக்கலை ஆழ வேரூன்றியுள்ளது. மார்க்கத் தீர்ப்பு வழங்குதல் ஆலிம் பெருமக்களின் பணி. நிகழ்வதை உள்ளவாறு கூறுதலே நம் பணி. நம் சிலம்பக் கூடங்களிலும் ஆட்டத்தின் தொடக்கத்தில் அவைக்கு வணக்கம் செலுத்தும் அடிமுறை உண்டு என்பதும், அதற்குச் சலாம் வரிசை என்றே பெயர் வழங்குகிறது என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கன.

பயிற்சி மூவகைப்படும். முதலாவது கிஹோன் எனப்படும் அடிப்படை. நிற்றல், குத்துதல், தடுத்தல், உதைத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து நூற்றுக்கணக்கான முறை செய்தல். முன்கால் முழங்கால் மடிந்து, பின்கால் நேராக நீண்டு, இரு உள்ளங்கால்களும் தரையில் முழுதும் பதிந்திருக்கும் நிலையே அடிப்படை நிலை. குத்தும் கை முன்செல்லும் அதே நொடியில் மற்றொரு கை இடுப்பிற்குப் பின்வாங்க வேண்டும். காண்போர்க்குக் கை குத்துவதாகத் தோன்றும். உண்மையில் ஆற்றல் தரையிலிருந்து குதிகால் வழியாக ஏறி, இடுப்பின் சுழற்சியால் பெருகி, முடிவில்தான் முட்டியை அடைகிறது. ஆதலால் தேர்ந்த பயிற்சியாளர் மாணவனின் முட்டியை முதலில் நோக்குவதில்லை. பின்குதிகால் எழுகிறதா, தோள் உயர்கிறதா, உடல் முன்சாய்கிறதா என்றே நோக்குவார். புதியவன் வலிமையாகக் குத்த எண்ணும்போதெல்லாம் இம்மூன்று குற்றங்களும் ஒருங்கே நிகழும். 'தோளைத் தளர்த்து' என்று நூறு முறை கூறியும் தளராத தோள், களைப்பு மிகுந்த பின் தானே தளர்ந்துவிடும். எண்ணிக்கையை மிகுதியாக வைப்பதன் உட்பொருள்களுள் இதுவும் ஒன்று. கூடத்தின் ஓரத்திலோ முற்றத்திலோ நட்டு, தலைப்பகுதியில் வைக்கோற்கயிறு சுற்றிய மகிவாரா என்னும் பலகைத் தூணைக் குத்திப் பழகுவதும் இதன்பாற் படும்.

இரண்டாவது கட்டா. கண்ணுக்குத் தெரியாத பகைவர் பல திசைகளிலிருந்தும் வருவதாகக் கொண்டு, வரையறுத்த அடிகளில் தடுத்தும் தாக்கியும் செல்லும் அசைவுத் தொடர் இது. இதோசு அமைத்த ஐந்து குறுந்தொடர்களே இன்றும் ஷோட்டோகான் மரபில் தொடக்கநிலைப் பாடம். அவற்றுள் முதலாவது இருபத்தொரு அசைவுகள் கொண்டது. இடப்புறம் திரும்பிக் கீழே தடுப்பதில் தொடங்குவது. சரியாகச் செய்தவன் தொடங்கிய இடத்திற்கே வந்து நிற்பான். ஓர் அடி குறுகினாலும் இடம் மாறிவிடும். எனவே கட்டா தன்னைத் தானே திருத்தும் பாடமுமாகும். ஐந்தும் தடுத்தலிலேயே தொடங்குகின்றன. தாக்குதலை நாம் முதலில் தொடங்கலாகாது என்னும் ஃபுனகோஷியின் கொள்கைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். நம் செய்யுளைப் போன்று, எழுத்தில்லாக் காலத்துக் கலையறிவை உடலில் மனப்பாடமாக வைத்துக் காத்ததே கட்டா எனலாம்.

மூன்றாவது குமித்தே, அதாவது இருவர் எதிர்நின்று பயிலுதல். இது உடனே கட்டற்ற சண்டையாகத் தொடங்குவதில்லை. முதலில் ஐந்தடிக் குமித்தே. தாக்குபவன் முகத்திற்கு அல்லது வயிற்றிற்கு என முன்கூட்டியே உரக்கச் சொல்லி, ஐந்து அடி முன்னேறி ஐந்து குத்துகள் விடுவான். மற்றவன் ஐந்து அடி பின்வாங்கித் தடுத்து, ஐந்தாவதன் முடிவில் மட்டும் எதிர்க்குத்து விடுவான். பின்னர் மூன்றடி, பின்னர் ஓரடி, அதன் பின்னரே முன்னறிவிப்பு இல்லாத பயிற்சி. எதிர்க்குத்து உடலைத் தொடும் முன் நிற்றல் வேண்டும். இதனைச் 'சுன்தொமே' என்பர். சுன் என்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கொண்ட பழைய ஜப்பானிய அளவு. முழு விசையோடு சென்ற கை அவ்விடைவெளியில் நின்றுவிட வேண்டும். மெதுவாகச் செலுத்தி நிறுத்துதல் எவர்க்கும் இயலும். விரைந்து செலுத்தி நிறுத்துதலே பயிற்சியின் பயன். குத்தக் கற்பிப்பது ஓராண்டுப் பாடம் என்றால், நிறுத்தக் கற்பிப்பது நான்காண்டுப் பாடம் என்பதே நம் கருத்து.

கற்பிப்பவர் யார்?

பல்கலைக்கழக மன்றத்தில் ஆசிரியர் நாள்தோறும் இருப்பதில்லை. ஃபுனகோஷி ஒருவரே பல மன்றங்களுக்குச் சென்று வந்தவர். ஆகலின் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறை வளர்ந்தது. நான்காமாண்டு மாணவருள் ஒருவர் தலைவர். அவர் எண்ணிக்கை கூறப் பயிற்சி நடக்கும். மூத்தவர் சென்பாய், இளையவர் கோஹாய். பட்டம் பெற்றுச் சென்ற முன்னாள் மாணவர்கள் சங்கமாகத் திரண்டு பொருளுதவி செய்வதோடு, மாலையில் வந்து பயிற்சியைப் பார்வையிடுவர். கோடையில் தங்கிப் பயிலும் முகாமும், குளிர்மிகுந்த சனவரியில் விடியற்காலைப் பயிற்சியும் ஆண்டுதோறும் உண்டு.

இம்முறையின் நன்மை வெளிப்படை. மூன்றாமாண்டில் பிறர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு வரும்போதுதான் முதலாண்டில் கற்றது தனக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறது என்பதை மாணவன் அறிகிறான். கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் கற்றோர் வெளியேறினும் கலை வெளியேறுவதில்லை. ஆனால் இதன் தீமையை மறைத்தல் நேர்மையாகாது. பத்தொன்பது வயதினர்மீது இருபத்திரண்டு வயதினர்க்கு அளவிலா அதிகாரம் தரும் முறை இது. ஜப்பானிய மாணவர் விளையாட்டு மன்றங்களில், மூத்தவர் இளையவரை அடிப்பது ஒழுக்கப் பயிற்சி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பயிற்சியின்போது தண்ணீர் குடித்தலும் சோம்பலின் அடையாளமாக எண்ணப்பட்டது. உடல் வெப்பம் மீறி உயிர் துறந்த இளைஞரும் உண்டு. பன்முறை கண்டனம் எழுந்த பின்னரே, 2013இல் அந்நாட்டு விளையாட்டு அமைப்புகள் ஒன்றுகூடி, விளையாட்டில் வன்முறையை ஒழிப்பதாக அறிவித்தன. இளையவனைத் துன்புறுத்துதல் கலையின் மரபு அன்று. அசாதோவோ இதோசுவோ சிறுவனாய் வந்த ஃபுனகோஷியை அவ்வாறு நடத்தவில்லை. அன்போடும் கண்டிப்போடும் நடத்தியதை அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். மரபு என்னும் போர்வையில் வரும் எல்லாவற்றையும் மரபென்று ஏற்கலாகாது. நம் கல்லூரி விடுதிகளில் புதிய மாணவர்களைத் துன்புறுத்தும் பகடிவதையும் இவ்வகையினதே.

ஆசிரியர் நீங்கிய கூடம்

1927ஆம் ஆண்டையொட்டித் தோக்கியோ அரசப் பல்கலைக்கழக மன்றத்து மாணவர்கள் ஒரு வினாவை எழுப்பினர். கட்டாவை மட்டும் பயின்றுகொண்டிருந்தால், நாம் கற்ற தடுப்பு மெய்யான குத்தைத் தடுக்குமா என்பதனை எவ்வாறு அறிவது? வாட்போர்ப் பயிற்சியில் அணியும் கவசத்தைப் போன்ற காப்புகளை அணிந்து, முழு விசையோடு மோதிப் பார்க்கத் தொடங்கினர். ஃபுனகோஷி இதனை விரும்பவில்லை. கராத்தேயின் அடி உயிர்க்கு ஊறு செய்வது. அதனைக் களியாட்டாக்கினால் கலையும் கெடும், மாணவனும் கெடுவான் என்பது அவர் எண்ணம். மாணவர் நிறுத்தவில்லை. 1929இல் அவர் அம்மன்றத்திற்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். மாணவருள் இருவர் ஒகினாவாவுக்கே சென்று, பிற ஆசிரியர்களிடம் நேரில் கேட்டறிந்து, 1930இல் நூலொன்றும் வெளியிட்டனர்.

இதில் யார் பக்கம் நிற்பது? சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியை நன்னூலார் முதன்மாணாக்கர் வரிசையில் வைக்கவில்லை; இடைமாணாக்கர் வரிசையிலேயே வைத்தார். அவ்வகையில் அம்மாணவர்களின் வினா தக்க வினாவே. அறிவியலும் சட்டமும் பயின்ற இளைஞர்கள் சான்று கேட்டதில் வியப்பில்லை. ஆசிரியரின் அச்சமும் பொய்யன்று. போட்டி விதிகள் தோன்றுமுன், 1930களில் மன்றங்கள் தமக்குள் நடத்திய கூட்டுப் பயிற்சிகள் பலமுறை பழிதீர்க்கும் சண்டைகளாகி, பல் உடைவதிலும் எலும்பு முறிவதிலும் முடிந்தன. ஆயினும் ஆசிரியர் நீங்கியதால் மோதல் நின்றுவிடவில்லை. அதனை நெறிப்படுத்தத்தக்க ஒரு கண் அங்கு இல்லாமற் போயிற்று என்பதே நாம் காண்பது. மாணவன் தவறான விடையை நோக்கிச் செல்லும்போது ஆசிரியர் அருகில் இருத்தல், சரியான விடையை நோக்கிச் செல்லும்போது இருத்தலினும் இன்றியமையாதது.

ஜப்பானியக் கலைகளில் ஷு, ஹா, ரி என மூன்று படிகள் கூறுவர். காத்தல், மீறுதல், நீங்குதல் என்பன அவற்றின் பொருள். மாணவன் முதலில் ஆசிரியர் தந்ததைச் சிறிதும் மாற்றாது காக்க வேண்டும். பின் மீறிப் பார்க்க வேண்டும். முடிவில் வடிவத்திலிருந்தே நீங்க வேண்டும். இங்கு நீங்கியவர் மாணவர் அல்லர், ஆசிரியர்.

பிற மன்றத்து மாணவர்களோ அவரை விட்டு அகலவில்லை. நாடெங்குமிருந்து பொருள் திரட்டி, அவருக்கென ஒரு பயிற்சிக்கூடம் கட்டி, 1939இல் திறந்தனர். அவர் கவிதை எழுதும்போது கொண்ட புனைபெயர் ஷோட்டோ. பைன் மரங்களினூடே எழும் காற்றின் அலை என்பது அதன் பொருள். கூடத்திற்கு ஷோட்டோகான் எனப் பெயரிட்டதும் மாணவரே. தம் முறைக்குத் தனிப்பெயர் வேண்டாம் என்றிருந்தவர்க்கு இவ்வாறு ஒரு பெயர் நிலைத்தது. 1945இல் வான்வழித் தாக்குதலில் அக்கூடம் எரிந்தது. அதே ஆண்டு, தமக்குப்பின் கற்பிப்பார் என அவர் நம்பியிருந்த மகன் காசநோயால் மறைந்தார். மாணவர் பலர் போரில் மடிந்தனர்.

1957

போருக்குப்பின் 1949இல் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் கூடி ஜப்பான் கராத்தே சங்கத்தை நிறுவினர். முதியவராகிய ஃபுனகோஷி அதற்குத் தலைமை ஆசானாகப் போற்றப்பட்டார். அவர் உயிரோடிருந்தவரை சங்கம் நாடளாவிய போட்டியை நடத்தவில்லை. 1957 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் காலமானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே முதல் போட்டி நடந்தது. இறுதிச் சடங்கை நடத்தும் உரிமை குறித்தே மாணவர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் இன்றும் போட்டியை ஏற்பதில்லை. விளையாட்டுக் கராத்தே பெருகிய பின், அதனின் வேறுபடுத்த மற்றதைப் 'பாரம்பரியக் கராத்தே' என வழங்கலாயினர். பாரம்பரியம் எனப்படும் இதுவும் நூறாண்டுக்கு முன் கல்லூரி மாணவர் திருத்தி அமைத்த வடிவமே என்பதை எண்ணும்போது, பழமை என்னும் சொல்லைச் சிறிது கவனத்தோடு ஆள வேண்டும் எனத் தோன்றுகிறது.

போட்டியில் பழைய பாடம் மறையவில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். கராத்தே முதன்முதலாக இடம்பெற்ற தோக்கியோ ஒலிம்பிக், பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்தது. ஆகஸ்ட் 7ஆம் நாள், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் பிரிவின் இறுதியில் சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதியும் ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயும் மோதினர். 4-1 என முன்னணியில் இருந்த ஹாமிதியின் உயர்ந்த உதை எதிரியின் தலைப்பகுதியில் பட்டது. கன்ஜ்சாதே நினைவிழந்து வீழ்ந்தார்; படுக்கையில் வைத்து வெளியே கொண்டு செல்லப்பட்டார். நடுவர்கள் கூடி ஆராய்ந்து, அடியைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காக ஹாமிதியைத் தகுதியிழக்கச் செய்தனர். வீழ்ந்தவர்க்குத் தங்கம்; வீழ்த்தியவர்க்கு வெள்ளி. உலகின் பிற சண்டைப் போட்டிகள் பலவற்றில் இத்தீர்ப்பு நேர்மாறாக அமைந்திருக்கும். தீர்ப்புச் சரியா என்று அன்று பலரும் வாதிட்டனர். கன்ஜ்சாதேயே தாம் இவ்வாறு வெல்ல விரும்பவில்லை என வருந்தினார். ஆயினும் நூறு முறை குத்தி நூறு முறை நிறுத்தப் பழகிய பல்கலைக்கழகக் கூடத்தின் விதிதான் அங்கும் தீர்ப்புச் சொல்லிற்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை.

ஆசான் மறைந்த அதே 1957இல், வசேடா மன்றத்தின் முன்னாள் தலைவரும் அவருடைய நேர்மாணவருமாகிய ஓஷிமா சுத்தோமு என்பவர், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் கராத்தே மன்றத்தைத் தொடங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதுவே முதல் மன்றம். ஆசானின் விரிந்த நூலைப் பின்னர் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. இவர் வழிவந்த மன்றங்களில் பயிற்சியாளர் ஊதியம் பெறுவதில்லை. பிற அமைப்புகளில் படிநிலை எட்டு, ஒன்பது, பத்து என உயர, இங்கு ஃபுனகோஷி வழங்கிய உச்ச அளவாகிய ஐந்தாம் படியோடு நின்றுவிடுகிறது. இயற்பியலும் பொறியியலும் பயிலும் மாணவர்கள் மாலையில் வந்து வரிசையில் நிற்கின்றனர். மூத்த மாணவர் எண்ணிக்கை கூற, புதிதாய்ச் சேர்ந்தவர் இச்சி, நி, சான் என ஜப்பானிய எண்களுக்கே அடியெடுத்து வைக்கின்றனர்.